பைல் நாட்டு மண் தடமும் என் பழைய இம்பல்ஸும்

காரவள்ளியில் டீ குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தால், 70 கொண்டை ஊசி வளைவுகள். புது பைக் வைத்திருக்கும் பையன்கள் அந்த வளைவுகளுக்காகவே கொல்லிமலைக்கு வருகிறார்கள். என் வண்டியின் நிலைமை அங்கே பரிதாபம்தான். 150 சிசி, 13 குதிரைசக்தி. செங்குத்தான திருப்பங்களில் இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறும். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தே நம்மை ஓரங்கட்டிவிடும். மேலே போய், தார் ரோடு முடிகிற இடத்தில்தான் அதற்கு மரியாதை.

வண்டி, ஹீரோ இம்பல்ஸ். ஹோண்டாவிடமிருந்து பிரிந்த கையோடு 2011-ல் ஹீரோ கொண்டுவந்தது. பிரேசிலின் மண் சாலைகளில் ஓடுகிற ஹோண்டா பிராஸ் வண்டிக்கு நெருங்கிய சொந்தம். நம் ஊரில் எடுபடவில்லை. ‘மைலேஜுக்கு ஒரு பைக், வேகத்துக்கு ஒரு பைக், இது எதுக்கு?’ என்று கேட்டார்கள். சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200 வந்த பிறகு, ‘அந்தப் பழைய இம்பல்ஸ் இருக்கா?’ என்று தேட ஆரம்பித்தார்கள். நமக்கு எப்போதுமே அப்படித்தான்!

நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எடை 134 கிலோ. விழுந்தால் ஒரே ஆளாகத் தூக்கிவிடலாம். பெரிய முன்சக்கரம் கல்லை மோதாமல் ஏறிக் கடக்கும். கார்புரேட்டர் என்பதால், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்துவிடுவார். ஒரே குறை, சீட் உயரம். வீட்டம்மா ஏறுவதற்கு ஸ்டூல் கேட்கிறார்.

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரையோடு சிலையாக நிற்கிறான். அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. வண்டி மேல் பைத்தியம் பிடித்த ஆட்களுக்கு இது புரியும்.

கொல்லிமலையை 14 நாடுகளாகப் பிரித்துச் சொல்வார்கள். அதில் ஒன்று பைல் நாடு. அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வருகிற கூட்டம் வளப்பூர் நாட்டோடு திரும்பிவிடும். அதனாலேயே எனக்கு பைல் நாடு பிடிக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அதன் நிழலில் காபி, பலா, சரிவில் மரவள்ளி. நடுவே செம்மண் தடங்கள். அங்கே வேகம் என்ற பேச்சே இல்லை. முதல் கியர், ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றுகொண்டு, முழங்காலைத் தளர்த்தி, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் விட்டால் வண்டி தானே வழி கண்டுபிடிக்கும். இறக்கத்தில் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். முன் பிரேக்கைத் தொட்டால் ஈர மண்ணில் நிச்சயம் படுக்கைதான்.

போன ஐப்பசியில் நான் படுத்தேன். தப்பு என்னுடையது. தார் ரோட்டுக்கு அடித்த காற்றைக் குறைக்கவில்லை. முந்தின நாள் மழை வேறு. ஒற்றையடிப் பாதை ஒன்றில் ஏறும்போது பின்சக்கரம் ஒரே இடத்தில் சுற்றியது. நானும் விடாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். கடைசியில் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடி எதுவும் இல்லை. தலையில் விறகுக் கட்டோடு வந்த அம்மா ஒருவர் நின்றார். பின்னால் வந்த பெரியவர் வண்டியைத் தூக்கக் கை கொடுத்தார். கொடுத்துவிட்டு, சக்கரம் தோண்டிய பள்ளத்தைக் காட்டினார்.

“தம்பி, நீங்க போயிருவீங்க. ராத்திரி மழை பேஞ்சா தண்ணி இதுவழியா இறங்கும். நாளைக்கு இது ஓடை. நாங்க சுமையோட இதுலதான் ஏறி இறங்கணும்.”

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் உறைத்தது. சறுக்கினால் பிடித்துக்கொள்ள அந்த அம்மாவுக்குக் கையும் கிடையாது, இரண்டு கையும் கட்டின் மேல். எனக்கு விளையாட்டாகத் தெரிந்த பாதை, அவர்களுக்கு ரேஷன் கடைக்கும் பஸ்ஸுக்கும் போகிற வழி.

ஒரு மணி நேரம் கல் பொறுக்கினேன். பெரியவர் எதை எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுத்தார். பெரிய கல் அடியில், சின்னது மேலே, நடுவில் குறுக்காக ஒரு வரிசை, தண்ணீர் பக்கவாட்டில் வடிகிற மாதிரி. அவர் செய்ததில் கால்வாசி வேகம்கூட எனக்கு வரவில்லை.

இப்போதும் போகிறேன். ஜீப் போகிற தடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதில்லை. மண் தடம் தொடங்கும் இடத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவேன். டயர் அகலமாகப் படிந்தால் பிடி கிடைக்கும், மண்ணும் அதிகம் கிளறாது. திரும்பும்போது அடித்துக்கொள்ள சைக்கிள் பம்ப் பையில் இருக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தடங்களுக்குப் பின் சீட் சரிப்படாது. அவர்களை பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்.

பலாப்பழ சீசனில் மறுபடி போனேன். முந்தின ராத்திரி நல்ல மழை என்றார்கள். தார் ரோட்டு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். பாதி வழியில் அதே பெரியவர், தோளில் ஒரு பலாப்பழம்.

“என்ன தம்பி, வண்டி ரிப்பேரா?”

“இல்லீங்கய்யா. ராத்திரி மழைன்னாங்க.”

என் செருப்பில் அப்பியிருந்த செம்மண்ணைப் பார்த்தார். “அப்ப இதத் தூக்கிக்கிட்டு வாங்க” என்று பழத்தை என் தோளுக்கு மாற்றிவிட்டு முன்னால் நடந்தார்.