அரை மதிப்பெண் எங்கே போயிற்று?

கணிப்பொறிக்கு நாம் எழுதியது மட்டுமே தெரியும், நினைத்தது தெரியாது. அண்மையில் என் வகுப்புத் தோழி ஒருத்தி, இரண்டு மதிப்பெண்களின் சராசரி காண 'சி' மொழியில் நிரல் எழுதினாள். 35, 40 எனக் கொடுத்தாள். 37.5 வர வேண்டும், வந்ததோ 37.000000! சராசரியை 'ஃப்ளோட்' என்றுதான் அறிவித்திருந்தாள். பிழைச் செய்தியும் இல்லை.

இத்தகைய வேளையில் உதவ வருவோர் பலர், 2 என்பதை 2.0 என்று தாமே மாற்றிவிட்டுப் போய்விடுவர். விடை வரும், விளக்கம் வராது. மூன்றாமாண்டு அக்கா ஒருவரோ விசைப்பலகையைத் தொடவே இல்லை. "75, 2 இரண்டும் என்ன வகை எண்கள்?" என்று மட்டும் கேட்டார். தோழி சற்று யோசித்தாள். "இரண்டும் முழு எண்கள் அக்கா! வகுக்கும்போதே பின்னம் போய்விடுகிறது. பிறகு ஃப்ளோட்டில் வைத்து என்ன பயன்?" என்றாள். அவளே திருத்தினாள்.

நம்மில் பலருக்கு வீட்டில் இதையெல்லாம் கேட்க ஆளில்லை. ஆய்வகத்தில் அருகே இருப்பவரே ஆசான். செய்முறைத் தேர்வன்று அவரும் உதவ முடியாது. ஆகவே நண்பர்களே, கேட்கக் கூச வேண்டாம். ஆனால் விடையை அன்று, காரணத்தைக் கேட்போம். கூடத் தெரிந்தவர்கள் அதையே சொல்லித் தரட்டும்.