விசைப்பலகைச் சீர்திருத்தம்

முன்னோர் வைத்தது என்ற ஒரே காரணத்திற்காக ஒன்றைத் தொழுது நிற்கும் வழக்கம் கோயில் வாயிலோடு நின்றுவிடவில்லை. கணினியில் எழுதுவோரிடமும் அது குடிகொண்டிருக்கிறது.

யான் எழுதுவது ‘விம்’ என்னும் மென்பொருளில். அதிலே ஒவ்வொரு விசைக்கும் இரு வேலைகள் உண்டு. எழுத்து நிலையில் அழுத்தினால் எழுத்து விழும். கட்டளை நிலையில் அதே விசை ஏவலாளாகிவிடும். எச், ஜே, கே, எல் என்னும் நான்கும் முறையே இடம், கீழ், மேல், வலம் எனச் சுட்டியை நடத்தும். இந்நால்வர்க்கு அப்பதவி எவ்வாறு வாய்த்தது? 1976-ல் பெர்க்கிலியில் பில் ஜாய் என்பார் இதன் மூதாதையாகிய ‘வி.ஐ.’யை எழுதிய காலத்தில், அவர் கையாண்ட ஏ.டி.எம். 3ஏ என்ற முனையத்தில் அம்புக்குறிகள் அந்நான்கு விசைகளின் மீதே பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வளவே! முனையம் மறைந்தது, ஏற்பாடு நிலைத்தது. 1991-ல் வெளிவந்த விம்மும் அதையே ஏற்றுக்கொண்டது.

எனினும் இவ்வேதத்தில் ஒரு நற்குணம்: திருத்திக்கொள்ள இடமுண்டு. ஒரு கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும், எந்த விசையும் வேறு தொழில் செய்யும். கட்டுரையில் ஒரு பத்தி முழுவதும் கணினிக்கு ஒரே வரி; ஆகவே ஜேயை அழுத்தினால் சுட்டி பத்தியையே தாண்டிவிடும். திரையில் தெரியும் வரிப்படி இறங்குமாறு அதை மாற்றினேன். இடைவெளி விசையை ஒருமுறை தொட்டால் ஒரு வாக்கியம் முழுதும் தெரிவாகுமாறும் செய்தேன். வாக்கிய முடிவை அது அறிவது முற்றுப்புள்ளியும் அதன்பின் வரும் வெற்றிடமும் கொண்டே. அதனால் திரு. வி. க. என்று இடம்விட்டு எழுதினால் பெரியாரின் பெயர் மூன்று துண்டாகிறது! சேர்த்தெழுதிப் பிழைத்தேன்.

பெருஞ்சிக்கல் தமிழில்தான். தமிழ்99 பலகையில் அந்நான்கு விசைகளும் க, ப, ம, த ஆகும். கட்டளை நிலைக்கு இவை விளங்கா. “ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்திற்கு மாறிக்கொள்ளுமே” என்றார் நண்பரொருவர். தமிழில் எழுதுகிறவன் மட்டும் ஏன் வரிக்கு வரி வாயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும்? பகரத்திற்குக் ‘கீழே’ என்று பொருள் வகுத்துப் பார்த்தேன். இரண்டு வரி இறங்க இருமுறை அழுத்தினால், தமிழ்99 தன் விதிப்படி இடையில் புள்ளியிட்டு ‘ப்ப’ என்று தந்தது.

இறுதியில் கணினியை ஆங்கிலத்திலேயே விட்டு, தமிழ் அட்டவணையை விம்முக்குள்ளேயே எழுதி வைத்தேன். அது எழுத்து நிலையில் மட்டுமே விழித்திருக்கும், கட்டளைகளைத் தொடாது. ஆனால் எழுத்தைத் தேடும் ‘எஃப்’ கட்டளைக்குப் பின் தமிழ் விசையை ஏற்கும். இப்பொழுது எஃப் அழுத்தி ழகரத்தைத் தட்டினால், சுட்டி அவ்வரியின் அடுத்த ழகரத்தில் போய் நிற்கிறது.