நான் சுட்ட நான்

அப்பாவுக்குப் பல்செட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. ஹோட்டலுக்குக் கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்று நழுவிவிடுவார். நாலு பேர் முன்னால் மெல்லக் கூச்சம். அவருக்கோ பட்டர் நான் என்றால் உயிர். சரி, வீட்டிலேயே சுடுவோம் என்று இறங்கினேன்.

முதல் நாள் சுட்டது வறட்டியாக விறைத்துப்போனது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. குருமாவில் ஊறவைத்துச் சாப்பிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சப்பாத்திக்குப் போலக் கெட்டியாகப் பிசைந்ததுதான் தப்பு. நான் மாவு கையில் லேசாக ஒட்ட வேண்டும். அடுத்த முறை 2 கப் மைதாவுக்கு அரை கப் தயிர், 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, உப்பு, துளி சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத் தளரப் பிசைந்து, ஈரத்துணி போட்டு 2 மணி நேரம் மூடிவைத்தேன்.

தந்தூர் அடுப்புக்கு எங்கே போக? அதன் மண் சுவரில் நான் ஒட்டி வேகிறது. நமக்கு இரும்புத் தவாதான் சுவர். தேய்த்த மாவின் ஒரு பக்கம் தண்ணீர் தடவி, அந்தப் பக்கத்தைச் சூடான தவாவில் ஒட்ட வேண்டும். தவாவில் எண்ணெய்ப் பசை கூடாது. குமிழ் எழும்பியதும் தவாவை அப்படியே தீயின் மேல் கவிழ்த்துக் காட்டினால், கரும்புள்ளி விழுந்து வெந்துவிடும். நான்-ஸ்டிக் தவாவில் செய்துபார்த்து ஒன்றை பர்னரிலேயே விழவிட்டேன். பெயரிலேயே சொல்லியிருக்கிறார்களே!

ஆறினால் விறைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சுட்டு, வெண்ணெய் தடவித் தட்டில் போட்டேன். அப்பா இந்த முறை ஊறவைக்கவில்லை. பிய்த்து, தொட்டுக்கொண்டு, நிதானமாக மென்றார். மூன்றாவது முடிந்ததும் நிமிர்ந்து, "அடுத்ததை இன்னும் கொஞ்சம் கருக விடு" என்றார்.