நெகிழ்ந்த வளையல்

சொல்லைக் கொடுத்துத் தொடரில் அமைத்து எழுதச் சொல்வது தமிழாசிரியர்களின் பழைய வழக்கம். ஒருமுறை பதினோராம் வகுப்புத் தேர்வில் ‘நெகிழ்’ என்னும் வினையைக் கொடுத்திருந்தேன். மனம் நெகிழ்ந்தது, நெஞ்சம் நெகிழ்ந்தது என்னும் தொடர்களையே எதிர்பார்த்தேன். ஏறத்தாழ எல்லாரும் அவ்வாறே எழுதியிருந்தனர். ஒரு மாணவி மட்டும், ‘மருத்துவமனையில் அம்மாவின் வளையல் நெகிழ்ந்து விழுந்தது’ என எழுதியிருந்தாள். வளையல் கழலும், நெகிழுமா? சிவப்பு மையால் அடித்து, ‘கழன்று’ என மேலே எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

இன்று நெகிழ்வு என்றதும் வளைந்துகொடுக்கும் தன்மையே நம் நினைவுக்கு வருகிறது. நெகிழ்வான விதி என்கிறோம். நெகிழ்வான பணிநேரம் என்கிறோம். வேண்டிய வடிவில் வார்த்துக்கொள்ள இடந்தரும் செயற்கைப் பொருளுக்கு நெகிழி எனப் பெயரிட்டோம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தபின், அச்சொல் கடைத்தெரு அறிவிப்புப் பலகை வரை சென்றுவிட்டது. பொருள் ஒழியவேண்டும் என விரும்பினாலும், சொல் பரவியதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

ஆயினும் வளைதலும் நெகிழ்தலும் ஒன்றல்ல. வில் வளையும், நாணைக் கழற்றியதும் நிமிரும். மூங்கில் காற்றுக்கு வளைந்து, காற்று நின்றதும் பழைய நிலைக்கு மீளும். வில் நெகிழ்ந்தது என்று எவரும் கூறார். நெகிழ்தலின் அடிப்பொருள் இறுக்கம் தளர்தல். கட்டு நெகிழும், உடை நெகிழும், அரும்பு நெகிழ்ந்து மலராகும். நெஞ்சு நெகிழ்தல் இவற்றின் வழியே வந்த பொருள். சங்க அகப்பாடல்களில், தலைவனைப் பிரிந்த தலைவியின் கைவளை நெகிழ்வதைப் பலமுறை காண்கிறோம். திருக்குறளின் ‘உறுப்புநலன் அழிதல்’ அதிகாரத்தில் தொடியோடு தோளும் நெகிழ்வதாக ஒரு குறள் உண்டு.

இவையெல்லாம் நான் அறியாதவை அல்ல. தேர்வு முடிந்த மறுவாரம் குறுந்தொகைப் பாடல் ஒன்றை நடத்தினேன். “வளை நெகிழ்ந்தது என்றால் கை மெலிந்தது என்று பொருள். புலவர் மெலிவைச் சொல்லவில்லை, வளையைச் சொல்கிறார்” என விளக்கிக்கொண்டே கரும்பலகையிலிருந்து திரும்பினேன். மூன்றாம் வரிசையில் அம்மாணவி தலைகுனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் அன்று என்னால் பாடம் நடத்த இயலவில்லை. தேர்வுக்கு முன் அவள் பத்து நாள் பள்ளிக்கு வராததை வருகைப்பதிவேட்டில் குறித்தவனும் நானே. ஏன் வரவில்லை என்று அவளை நான் கேட்டதில்லை.

இடைவேளையில் விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லி, ‘கழன்று’ என்பதை அடித்துவிட்டு முழு மதிப்பெண் இட்டேன்.

“அம்மா எப்படி இருக்கிறார்கள்?”

“வீட்டுக்கு வந்துவிட்டார்கள் ஐயா. வளையலில் நூல் சுற்றிப் போட்டுவிட்டிருக்கிறேன். இப்போது விழுவதில்லை.”