பத்து நாளும் பதினெட்டு வருஷமும்

போன வருஷம் சபையாரோடு இலங்கைக்குப் போய், நுவரெலியா பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் பத்து நாள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். போட்டோ நிறைய எடுத்தோம். கிளம்புகிற அன்று தரம் நாலு படிக்கிற பிள்ளை ஒன்று, பாதி எழுதிய கொப்பியை நீட்டிக் கேட்டது: "சேர், மிச்சப் பாடம் எப்ப?" என்னிடம் பதில் இல்லை.

மிச்சப் பாடத்துக்காகத் தங்கிய ஒருவரின் தடம் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் பெருங்களத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம். அங்கிருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வித்து, 1837-இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பள்ளிக்கூடம். கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது 1937-இல். ஆண்டர்சன் பத்து நாளில் கிளம்பிவிடவில்லை; பள்ளி தொடங்கிப் பதினெட்டு வருஷம் கழித்து, 1855-இல் சென்னையிலேயே கண்மூடினார்.

வெளிநாடு போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், நம் தெருப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு சாயங்காலம் கொடுங்கள். மிச்சப் பாடத்தை மறுவாரம் நடத்தலாம்.