மிலிட்டரிக் குறட்டை

திகி, புனே.

அன்புள்ள செல்விக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால், பக்கத்தில் உன் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று பாதியை விழுங்கிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். முதலில் நீ மட்டும் படி. அவரிடம் காட்டுவதா வேண்டாமா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"பட்டாளத்துல இருந்தவங்க எல்லாம் இப்படித்தானே அக்கா தூங்குவாங்க" என்று கேட்டாய். நம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளம். கோடையில் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை குறட்டைதான். அங்கே அதை நோய் என்று யாருக்குத் தோன்றும்?

நீ சொன்னதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வது, நாய் குரைத்தால் விழித்துக்கொள்வது, கதவைப் பார்த்தபடியே படுப்பது எல்லாம் பட்டாளம் பழக்கியது. எல்லையில் கொஞ்ச நேரம் காவல், கொஞ்ச நேரம் படுக்கை என்று மாறி மாறிப் போகும். விடியலுக்கு முன் எல்லோரும் துப்பாக்கியோடு 'ஸ்டாண்ட்-டூ' நிற்க வேண்டும். உன் மாமா பென்ஷன் வாங்க ஆரம்பித்து எத்தனையோ வருஷமாகியும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வந்துவிட்டுப் போகட்டும், நானும் எழுந்து டீ போட்டுவிடுகிறேன்.

குறட்டை நடுவில் அறுந்து, மூச்சே இல்லாமல் கிடந்து, திடீரென்று மூச்சை இழுத்துக்கொண்டு புரள்கிறாரே, அதைத்தான் நீ பழக்கத்தோடு சேர்த்துவிட்டாய். அதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகும் வழியை அடைத்துக்கொள்கிறது. மார்பு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறி எழுப்பிவிடும். பத்து நொடியாவது நின்றால் ஒரு தடவை என்று கணக்கு வைக்கிறார்கள். மணிக்கு 5 தடவைக்குள் என்றால் பயமில்லை, 15-ஐத் தாண்டினால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. உன் மாமாவுக்கு 30-ஐ நன்றாகவே தாண்டியிருந்தது. காலையில் கேட்டால் "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார். பொய் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து படுத்தது அவருக்கே தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவள்தான் சாட்சி.

சியாச்சினிலேயே மூச்சு நின்றது, அதன் மிச்சம்தான் இது என்கிறாராமே உன் வீட்டுக்காரர். உன் மாமாவும் டாக்டரிடம் இதையேதான் சொன்னார். 1984-இலிருந்து நம் ஆட்கள் அந்தப் பனியில் இருக்கிறார்கள். அடிவார முகாமே ஏறத்தாழ 12,000 அடி, மேலே உள்ள சில காவல் நிலைகள் 20,000 அடியையும் தாண்டும். அவ்வளவு உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் உடம்பு வேகமாக மூச்சு வாங்கும். அதில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடும். அது குறைந்தால் மூளை மூச்சுக்கு உத்தரவு கொடுப்பதையே சற்று நிறுத்திவிடும். கூடாரத்தில் திணறி எழுவது அதனால்தான், கீழே இறங்கினால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். புனே கடல்மட்டத்திலிருந்து 560 மீட்டர்தான். வேலூர் அதைவிடத் தாழ்வு. ஊரில் வந்து நிற்கிற மூச்சுக்குப் பனியைக் குற்றம் சொல்ல முடியாது.

காரணம் வேறு. பென்ஷன் வந்ததும் இவர்களுக்குக் காலை ஓட்டம் நின்றது, கழுத்து தடித்தது. நம் நாட்டு ஆட்களுக்குத் தாடை அமைப்பினால் பெரிய பருமன் இல்லாமலே இந்த நோய் வருமாம். இதற்கு மேல் கேன்டீன் ரம் வேறு. இரண்டு பெக் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பார்கள்; தொண்டைச் சதை இன்னும் தளர்ந்துதான் போகிறது. தூக்க மாத்திரையும் ஏறக்குறைய அப்படித்தான். டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதே. மாத்திரை போட்டும் அவருக்கு பிரஷர் இறங்கவில்லை, ராத்திரி அடிக்கடி ஒன்றுக்குப் போகிறார் என்றாயே, சர்க்கரை டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்றும் சொன்னாய். இரண்டுக்கும் இந்த மூச்சு அடைப்பே காரணமாக இருக்கலாம்.

அந்தக் கனவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்திக்கொண்டு எழுகிறார் என்று அழுதாய். அவர் பார்த்ததெல்லாம் மனசில் இருக்கும், ராத்திரி மூச்சுக்குக் காற்று செலுத்தும் கருவியின் மாஸ்க்கை மாட்டினால் மறந்துபோகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இருந்து திரும்பி, மன அதிர்ச்சிக்குச் சிகிச்சை தேடி வந்த 195 அமெரிக்க வீரர்களைக் கேள்வி கேட்டுப் பார்த்ததில், நூற்றுக்கு 69 பேருக்கு இந்த நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று 2015-இல் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். மகள் படித்துச் சொன்னாள். மூச்சை ஒழுங்கு செய்தபின் சிலருக்குக் கெட்ட கனவு குறைந்ததும் உண்டாம். ஆகவே மனசுக்கு டாக்டர் பார்ப்பதோடு தொண்டையையும் பார்க்கச் சொல்.

பரிசோதனைக்கு ஒரு ராத்திரி போதும். தலையிலும் மார்பிலும் வயர், விரலில் ஒரு கிளிப். இங்கே நெஞ்சு நோய்க்குக் கோலிபார் மைதானத்துப் பக்கம் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் சி.டி.சி. என்றுதான் சொல்வார்கள். நீ அங்கே வேலூரில், முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் சொல்லி, நெஞ்சு டாக்டருக்கு ரெஃபரல் வாங்கு. ஸ்மார்ட் கார்டைத் தேடி எடுத்து வை. தூக்கப் பரிசோதனை அறிக்கையும் டாக்டர் சீட்டும் வைத்து முன்னனுமதி வாங்கினால், அந்தக் காற்றுக் கருவிக்கு ஒரு வரம்பு வரை இ.சி.எச்.எஸ். பணம் கொடுக்கும். யாரோ பாதி விலைக்குப் பழைய மெஷின் தருகிறார் என்றால் வேண்டாம். உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு உதிர்கிறது என்று 2021-இல் பிலிப்ஸ் கம்பெனி லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது.

கருவியில் பெரிய மாயம் இல்லை. மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இதைச் செய்துகாட்டியபோது வாக்யூம் கிளீனர் மோட்டாரைத்தான் பயன்படுத்தினாராம். எங்கள் வீட்டில் தகராறு வந்தது மீசையால். முகத்தை மூடும் மாஸ்க்கில் மீசை ஓரமாகக் காற்று கசிந்து உஸ் உஸ் என்றது. மீசையை எடுக்கச் சொன்னால் ரெஜிமென்ட் மானமே போனதுபோல் உட்கார்ந்துவிட்டார். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க் மாற்றிய பிறகு மீசையும் பிழைத்தது, நானும் பிழைத்தேன். உன் வீட்டுக்காரரும் முதலில் பாதி ராத்திரியில் கழற்றிப் போட்டுவிடுவார். சண்டை போடாமல் திரும்ப மாட்டிவிடு. உங்கள் ஊரில் கரண்ட் போகும், இன்வெர்ட்டர் பற்றி இப்போதே விசாரித்து வை.

இதையெல்லாம் இவ்வளவு அவசரமாக எழுதக் காரணம் உன் வீட்டுக்காரர் ஓட்டுகிற அந்த ஸ்கூல் வேன்தான். ரயில்வே கேட்டில் நின்ற வண்டியில் கண் அசந்துவிட்டார், பின்னால் ஹாரன் அடித்துத்தான் எழுந்தார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. பின் சீட்டில் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் செல்வி.

இன்று ராத்திரியே அவர் தூங்கும்போது போனில் வீடியோ எடு, மூச்சு நிற்பது தெரியும்படி. டாக்டர் அறைக்குள் நீயும் போ. அவர் "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் ஆரம்பிப்பார், நீ போனை எடுத்துக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை உன் மாமா அவரிடம் பேசுவார். மாமா சுபேதார், உன் வீட்டுக்காரர் நாயக். நான் சொல்லிக் கேட்காதவர் ரேங்க்குக்குக் கட்டுப்படுவார்.

பரிசோதனை முடிந்து டாக்டர் சொல்கிற வரை வேனை வேறு டிரைவர் ஓட்டட்டும். சம்பளம் போய்விடும் என்பார். அந்தப் பணத்தை நான் உன் கணக்கில் போட்டுவிடுகிறேன். உன் மாமாவுக்குத் தெரியும். உன் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
அக்கா