நூறு சென்டிமீட்டர்

மார்ச் 1, சனி

புதுச்சேரியிலிருந்து காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் வந்து சேர இரவாகிவிட்டது. தாடை வலி இன்னும் போகவில்லை. புதுச்சேரிக் கடலில் டெம்பிள் ரீஃபில் ஸ்கூபா டைவ் இறங்கினோம். மீன்கள் அடைவதற்காகக் கடலுக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டு அது, ஏறக்குறைய 18 மீட்டர் ஆழம். மீன்களுக்குக் குறைவில்லை. ஆனால் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் வாடகை ரெகுலேட்டரின் ஹோஸ் எனக்கு ரொம்ப நீளம். வலது தோளுக்கு வெளியே பெரிய வளையமாகத் துருத்திக்கொண்டு நின்றது. நீரோட்டம் அந்த வளையத்தைத் தள்ளத் தள்ள, வாயில் இருப்பது ஒரு பக்கமாக இழுபட்டது. பல்லால் கவ்விப் பிடித்தபடியே மேலே வந்தேன். ஜோடியாக வந்த அண்ணா ஆறடி உயரம். அதே நீள ஹோஸ், அவர் இடப்பக்கம் தலையைத் திருப்பினால் வாயை இழுத்தது. ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கும் ஆறடிக்கும் ஒரே அளவை மாட்டினால் இரண்டு பேருக்கும் சரியாக இருக்காது.

சொந்தமாக ரெகுலேட்டர் வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது. ஆனால் ஹோஸ்களைப் பெட்டியில் எப்படி வருகிறதோ அப்படியே வாங்குவதாக இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

மதியம் அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். சிலிண்டர் தலையில் மாட்டுவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். உள்ளே 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கும் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி அது குறைத்துத் தருகிறது. அதிலிருந்து நான்கு ஹோஸ்கள் கிளம்பும். ஒன்று என் வாய்க்கு. ஒன்று மாற்று வாய், ஆக்டோபஸ் என்போம். ஒன்று மிதவைச் சட்டையில் காற்று நிரப்ப. நாலாவது, எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்று காட்டும் கேஜுக்கு.

"ஏம்மா, இதுல எது வெடிச்சா ஆபத்து?" என்றார்.

கேஜ் ஹோஸில்தான் முழு 200 பாரும் இருக்கிறது, அதனால் அதுதான் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அதன் வாயில் ஊசி முனையளவு துளைதான் விட்டிருப்பார்கள். கிழிந்தால் சத்தம் பயமுறுத்தும், காற்று மெதுவாகத்தான் போகும், மேலே வர நேரம் கிடைக்கும். அழுத்தம் குறைந்த மற்ற மூன்றில் ஒன்று அறுந்தால்தான் சில நிமிடங்களில் சிலிண்டரே காலி. அப்பா படத்தை வாங்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

ஹோஸ் ஆரம்பத்தில் இப்படி இருந்ததில்லை. 1943-ல் குஸ்தோவும் கான்யானும் பிரான்சில் செய்த அக்வாலங்கில், முதுகிலிருந்து வாயின் இரு பக்கமும் வரும் இரண்டு தடித்த குழாய்கள் இருந்தன. 1952-ல் ஆஸ்திரேலியாவின் டெட் எல்ட்ரெட் ‘போர்பாய்ஸ்’ என்ற பெயரில் ஒற்றை ஹோஸ் ரெகுலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு நாங்கள் மாட்டுவதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

மார்ச் 5, புதன்

சென்னையிலிருந்து இரவலாக வாங்கி வந்த சிலிண்டரையும் மிதவைச் சட்டையையும் வீட்டுத் தறி அறையில் வைத்தே மாட்டிப் பார்த்தேன். ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து வாய் வரை அப்பா நூல்கயிறு பிடித்து அளந்தார். தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னார், அண்ணாந்து பார்க்கச் சொன்னார், ஒவ்வொரு தடவையும் கயிறு எங்கே இறுகுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்ததில்லை இது. தறிக்குழியை உட்காருகிறவர் காலைப் பார்த்துத்தான் தோண்டுவார்கள். அந்தப் பழக்கம் அவருக்கு.

ஆள் உயரம் மட்டும் கணக்கில்லை என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. சிலிண்டரை நாலு விரல் கீழே இறக்கிக் கட்டினால் ஹோஸ் அதே நாலு விரல் நீளம் கேட்கிறது. அலுமினியச் சிலிண்டர் உயரமானது, எஃகுச் சிலிண்டர் பெரும்பாலும் குட்டை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் துளைகள் பக்கவாட்டில் பார்க்கின்றனவா, கீழ்நோக்கியா என்பதும் மாற்றும். நின்றுகொண்டு அளந்ததும் போதாது. நீருக்குள் குப்புறப் படுத்து நிமிர்ந்து பார்க்கும்போது கழுத்து வேறு கோணத்தில் இருக்கிறது. பாயில் குப்புறப் படுத்து மறுபடி அளந்தோம். கடையில் நின்று உயரத்தை மட்டும் சொல்லி ஹோஸ் கேட்பவர்களுக்கு இதை எப்படியாவது சொல்லவேண்டும்.

மார்ச் 8, சனி

நீள ஹோஸ் விவகாரத்தை இன்று முழுக்கப் படித்தேன். 7 அடி, அதாவது ஏறக்குறைய 210 செ.மீ. ஹோஸ் பிரபலமானது அமெரிக்காவின் ஃபுளோரிடா நீர்க்குகைகளில். குறுகிய சுரங்கத்தில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக நீந்த முடியாது. காற்று தீர்ந்தவர் முன்னால், கொடுத்தவர் பின்னால் என வரிசையாகத்தான் வெளியே வரவேண்டும். அதற்குத்தான் அந்த நீளம். வாயில் வைத்திருக்கும் நீள ஹோஸையே கொடுத்துவிட்டு, கழுத்தில் ரப்பர் கயிற்றில் தொங்கும் குட்டை ஹோஸுக்குத் தாங்கள் மாறிக்கொள்வார்கள்.

நாங்கள் இறங்குவது குகைகளில் இல்லை. 210 எனக்கு அதிகம். மிச்சத்தை இடுப்பில் செருகவேண்டும். ஆனால் அந்த யோசனையின் உயிர் எனக்குப் பிடித்திருக்கிறது. மூச்சுக்குத் தவிக்கிறவர் என் வாயில் இருப்பதையே பறிக்கலாம், அது வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறார் அல்லவா. அப்படியானால் வாயில் இருப்பதுதான் கொடுப்பதற்கான ஹோஸ். அதன் நீளத்தை எனக்காக மட்டும் அளந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. அண்ணாவின் வாய் வரை அளக்கவேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

சென்னையில் நீச்சல் குளத்தில் நானும் அண்ணாவும் 90, 100, 150 செ.மீ. ஹோஸ்கள் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். தோளுக்கு மேலே வராமல், வலது அக்குளுக்கு அடியில் மார்பை ஒட்டி வாய்க்கு வரும்படி.

90: எனக்குக் கச்சிதம். ஆனால் அண்ணாவிடம் கொடுத்தால் அவர் தலை என் பக்கம் இழுபடுகிறது. பதற்றத்தில் இருப்பவருக்கு அது இன்னும் பயத்தைக் கூட்டும்.

100: நேருக்கு நேர் கையைப் பிடித்தபடி மேலே வர இடம் போதும். அருகருகே நீந்தவும் முடிகிறது. நான் தனியாக நீந்தும்போது வெளியே துருத்தவும் இல்லை.

150: கொடுக்க மிக வசதி. மார்புக்குக் குறுக்கே போய்க் கழுத்தைச் சுற்றி வரவேண்டும், என் உடம்பில் கொஞ்சம் தொய்கிறது. மூழ்கிய கப்பல்களுக்குள் நுழைகிறவளாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

அக்குளுக்கு அடியில் வரும் ஹோஸ் வாயருகே வளைந்து முறுக்குகிறது. அதற்குச் சுழலும் முழங்கை இணைப்பு ஒன்று வேண்டும். அதில் கூடுதலாக ஓ-ரிங் உண்டு, கசிய ஓர் இடம் கூடுகிறது. அதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஒவ்வொரு டைவுக்கு முன்பும் பார்க்கவேண்டும்.

மார்ச் 13, வியாழன்

கட்டில்லாமல் தொங்கும் எதுவும் ஆகாது என்று தீர்மானித்துவிட்டேன். மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே 2002-ல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்திலிருந்து வந்த குழுவும் மூழ்கிப் பார்த்து, 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டுமான எச்சங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறையும் கடற்படையும் அங்கே தேடின. காஞ்சியில் பிறந்த எனக்கு என்றாவது அந்தக் கற்களைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை உண்டு. அனந்தசரஸ் குளத்தடியில் இருக்கும் அத்தி வரதரை 2019-ல் வெளியே எழுந்தருளச் செய்தபோது வரிசையில் நின்று தரிசித்ததிலிருந்து தண்ணீருக்கு அடியில் இருப்பவற்றின் மீது எனக்குத் தனி மரியாதை. அப்படிப்பட்ட இடத்தில் என் கேஜ் கல்லில் உரசிக்கொண்டு போகக்கூடாது. அதனால் கேஜ் ஹோஸ் 60 செ.மீ., இடது இடுப்பு வளையத்தில் கொக்கி.

மிதவைச் சட்டை ஹோஸைக் குட்டையாக்கும் ஆசை வேண்டாம். காற்றை வெளியேற்றச் சட்டையின் குழலைத் தலைக்கு மேலே முழுதும் தூக்கவேண்டும், அப்போது இணைப்பு இழுபடக்கூடாது. 60 போதும்.

துணிப் பின்னல் ஹோஸா, ரப்பரா? பின்னல் ஹோஸ் எடை குறைவு, நன்றாக வளைகிறது. ஆனால் சில பின்னல் ஹோஸ்களின் உட்குழாய் பாலியூரித்தேன், சூடும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் உள்ளுக்குள் சிதைந்து படிகமாக உறைந்து காற்றை அடைத்திருக்கிறது என்று டான் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காஞ்சிபுரம் மே மாத வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் என் ஹோஸ் கிடக்கப்போகிறது. எனக்கு ரப்பர்தான். வெடிப்பு விட்டால் கண்ணுக்குத் தெரியும்.

மார்ச் 15, சனி

ஆர்டர் போட்டாயிற்று. வாய்க்கு 100 செ.மீ., முழங்கை இணைப்போடு. கழுத்தில் மாட்டும் மாற்று வாய்க்கு 56. மிதவைச் சட்டைக்கு 60. கேஜுக்கு 60. நாலும் ரப்பர். வந்ததும் பயிற்சியாளர் முன்னால் குளத்தில் காற்றுப் பகிர்ந்து பழகிய பிறகே கடல். இந்த நீளங்கள் எனக்கும் அண்ணாவுக்கும் அளந்தவை. வேறு ஒருவரோடு இறங்குவதானால் படகிலேயே அவரை எதிரே நிறுத்தி, 100 அவர் வாய்க்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.